தண்டத்தைக் கட்டினால் போதுமா?

கலிபோர்னியாவில் வாழும் என் பெரியம்மாவின் மகள் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. என்னைப் பொலிஸ் பிடிச்சிட்டுது" என்றபோது அவரது குரல் தழுதழுத்தது.

அக்கா வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பராமரிப்பவர். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று, மணிக்கு 25 மைல் வேகமே அனுமதிக்கப்பட்ட குடியிருப்பு வீதியில் 42 மைல் வேகத்தில் காரை ஓட்டியிருக்கிறார். சீட்டில் கையெழுத்திட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேனோ என்பதே அவரது முதல் பயம். அப்படியல்ல. குறித்த நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழிதான் அந்தக் கையெழுத்து.

அவர் முன்னே மூன்று வழிகள் இருந்தன. "பேசாமல் காசைக் கட்டிவிடு. இந்த வயதிலே பள்ளிக்கூடமோ?" என்றார் அத்தான். ஆனால் தண்டத்தைக் கட்டுவது குற்றத்தை ஏற்பதற்குச் சமம். சாரதிப் பதிவில் ஒரு புள்ளி விழும். மூன்று வருடங்கள் அது காப்புறுதி நிறுவனத்தின் கண்ணில் படும். 12 மாதங்களில் நான்கு புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே இடைநிறுத்தப்படலாம். காரில்லாமல் அக்காவுக்கு வேலையில்லை.

இரண்டாவது வழி வழக்காடுவது. நீதிமன்றத்துக்குப் போகாமல் எழுத்து மூலமும் வாதாடலாம். தண்டப்பணத்தை முதலில் வைப்பிலிட வேண்டும். வென்றால் திரும்பக் கிடைக்கும். "ஓடினது உண்மை. பொய் எழுத என்னால் ஏலாது" என்றார் அக்கா.

மூன்றாவது, போக்குவரத்துப் பாடசாலை. கடந்த 18 மாதங்களுக்குள் நடந்த வேறொரு குற்றத்துக்காக அங்கு சென்றவருக்கு இந்த வாய்ப்பில்லை. எல்லையைவிட 25 மைலுக்கு மேல் வேகமாக ஓட்டியவர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். வகுப்புக்குப் போவதால் தண்டம் குறையாது. அதனுடன் நீதிமன்றக் கட்டணமும் பாடசாலைக் கட்டணமும் சேரும். தவணைக்குள் முடிக்காவிட்டால் கட்டிய காசும் போய், புள்ளியும் விழும். முடித்தால் அந்தத் தீர்ப்பு காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைக்கப்படும். 2011 ஜூலை முதல் உள்ள நடைமுறை இது.

செலவு கூடுகிறதே என்று அக்கா தயங்கினார். அந்த மாநிலத்தில் நல்ல சாரதிகளுக்குக் காப்புறுதியில் 20 வீதக் கழிவு உண்டு. 1988 இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் அது. மூன்று வருடங்களில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அக்கழிவு போகாது. இரண்டாவது விழுந்தால் போய்விடும். நாள் முழுதும் வீதியில் ஓடும் ஒருவர் அந்த ஒன்றை இப்போதே செலவழிக்கலாமா?

கணக்கெல்லாம் பார்த்த பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, அந்த வீதிக்கரையிலே ஒரு சின்னப்பிள்ளை பந்தோடு நிண்டது. பொலிஸ் மறிச்ச பிறகுதான் கண்டனான்."

நான் வாயடைத்துப் போனேன். 2011 இல் அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. வீதிப் பாதுகாப்பு நிதியம் வெளியிட்ட ஆய்வின்படி, 23 மைல் வேகத்தில் வரும் வாகனம் மோதினால் பாதசாரி இறக்கும் அபாயம் 10 வீதம். 42 மைலில் அது 50 வீதம். அக்காவின் வேகம் அதுவேதான்.

அவர் வகுப்பில் சேர்ந்துவிட்டார். இரவில் சமையல் முடித்துக் கணினியின் முன் அமர்கிறார். அத்தானிடமும் மறைக்கவில்லை. அவரோ இப்போது பக்கத்தில் இருந்து பாடம் கேட்கிறாராம்!

சகோதரிகளே, எந்த நாட்டிலானாலும் அரச கடிதமொன்று கைக்கு வந்தால், வெட்கத்தில் அதை ஒளித்துவைக்கவோ அவசரத்தில் காசைக் கட்டவோ வேண்டாம். முழுவதும் வாசியுங்கள், விளங்காததைக் கேளுங்கள். தவறு நம்முடையதாக இருந்தால், அதிலிருந்து கற்றுக்கொள்ளக் கிடைக்கும் சில மணி நேரத்தைத் தண்டனையாக எண்ண வேண்டியதில்லை.