திரும்பி வரும் வழி
வலைப்பின்னலின் கதை – 9

ஸ்விட்ச் என்னும் சாதனத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்தவர்கள், ஒரே ஸ்விட்சில் இரண்டு உபகரணங்களின் கேபிள்களைச் செருகிவிட்டால் அவை தாமாகவே பேசிக்கொள்ளும் என்று எண்ணியிருக்கக் கூடும். அந்த நம்பிக்கையோடு ஒரு மத்தியானம் முழுவதும் கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகிக் களைத்துப்போன ஓர் அச்சகத்தாரிடம் நான் சென்றிருந்தேன். கணக்குப் பார்க்கும் கணினிகளையும் அச்சிடும் இயந்திரங்களையும் பாதுகாப்புக் கருதி சப்நெட் எனப்படும் இரண்டு உள்வலைகளாக அவர்கள் பிரித்து வைத்திருந்தனர்.

கணினியின் விலாசம் 192.168.1.25; பிரிண்டரின் விலாசம் 192.168.2.40, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. முதல் மூன்று எண்கள் வலையைக் குறிப்பவை, கடைசி எண்ணே உபகரணத்தைக் குறிப்பது என்பது இந்த மாஸ்கின் தாத்பரியம். கணினியானது ஒரு பாக்கெட்டை அனுப்புமுன் தன் வலையும் பெறுபவரின் வலையும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றாயிருந்தால் "இந்த விலாசம் யாருடையது?" என்று அந்த வலை முழுவதும் கேட்டறிந்து நேரே கொடுத்துவிடும்; வேறாயிருந்தாலோ, பிரிண்டர் அதே மேஜையின்மேல் இருந்தபோதிலும் அதைத் தேடாமல், கேட்வே என்று குறித்து வைத்திருக்கும், வலைகளை இணைக்கும் ரவுட்டரிடம் ஒப்படைத்துவிடும்.

ஒரு ஸ்தாபனம் தன் வலையைத் தானே இவ்வாறு பகுத்துக்கொள்ளும் முறையை 1984 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகல் ஓர் ஆவணமாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஜான் போஸ்டலும் அவரும் சேர்ந்து அதை ஒரு நியமமாக வகுத்தனர். உள்ளே எத்தனை பிரிவுகள் இருந்தாலும் வெளியுலகத்துக்கு அது ஒரே வலையாகத் தோன்றும் என்பதே அந்த ஏற்பாட்டின் பெருமை என்பேன்.

அச்சகத்து ரவுட்டருக்கு 192.168.1.1, 192.168.2.1 என்று இரு பக்கமும் விலாசம் இருந்தது. ரவுட்டரிலிருந்து பிங் என்னும் சோதனை அழைப்பைச் செய்தால் பிரிண்டர் உடனே பதில் சொல்லிற்று. கணினியிலிருந்து செய்தால் மௌனம். இந்த வித்தியாசமே எனக்கு விஷயத்தை விளக்கிவிட்டது. பிரிண்டரின் சிறிய திரையில் பொத்தான்களை அழுத்திப் பார்த்தபோது, கேட்வே என்னும் இடத்தில் 0.0.0.0 என்று இருந்தது. ரவுட்டர் பிரிண்டரின் சொந்த வலையைச் சேர்ந்த விலாசத்திலிருந்து கேட்டதால் அதற்குப் பதில் சொல்வது சுலபம். அந்நிய வலையிலிருந்து வந்த கேள்வியும் பழுதில்லாமல் வந்து சேர்ந்ததுதான், ஆனால் பதிலை எவரிடம் ஒப்படைப்பது என்று பிரிண்டருக்கு ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. போகும் வழியை எவ்வளவோ சிரத்தையாக அமைக்கிறவர்களும் திரும்பும் வழியை மறந்துவிடுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

கேட்வே இடத்தில் 192.168.2.1 என்று எழுதியதும் பிங் பதில் வந்தது. ஆயினும் கணினியின் பட்டியலில் பிரிண்டரின் பெயர் தானாகத் தோன்றவில்லை. அவ்விதம் தேடும் அழைப்பு 224.0.0.251 என்னும் விலாசத்துக்குச் செல்வது, ரவுட்டர் அதை மறுபக்கம் கடத்துவதில்லை. விலாசத்தைக் கையால் தட்டச்சு செய்தோம். விளக்கேற்றும் வேளையில் முதல் தாள் வெளிவந்தது.