அச்சமும் அவமானமும்: இழப்பைப் பெருக்கும் இரண்டு உணர்வுகள்

முதிர்வுக்கு முன்பே வைப்பு நிதியை முடித்துத் தருமாறு ஒரு பெரியவர் கிளைக்கு வருகிறார். காரணம் கேட்டால் 'மருத்துவச் செலவு' என்கிறார். கைப்பேசியை மட்டும் கையிலிருந்து விடுவதில்லை. வங்கிப் பணியில் உள்ள நாங்கள் இந்த முகத்தை அறிவோம். அதில் தெரிவது அச்சம்.

அச்சம் ஒரு குறைபாடன்று. ஆபத்தை உணர்ந்ததும் மூளையில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, கவனம் முழுவதும் ஆபத்தின்மீதே குவிகிறது. பாம்பைக் கண்டு விலகுவதற்கு இது உதவும். நிதானமாக ஆராய வேண்டிய வேளையிலோ, இதே குவிப்பு மற்றவற்றை மறைத்துவிடுகிறது. 'டிஜிட்டல் கைது' மோசடியாளர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். காவல் சீருடையுடன் காணொளி அழைப்பில் தோன்றி, எவரிடமும் பேசக் கூடாது என்றும் உடனே பணம் அனுப்ப வேண்டும் என்றும் மிரட்டுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை.

பணம் போனபின் எழுவது அவமானம். கூடி வாழும் மனிதருக்கு நற்பெயர் ஒரு காப்பு. அது குலையுமோ என்னும் கவலையே இவ்வுணர்வு. 'படித்திருந்தும் ஏமாந்தீர்களே' என்று பிள்ளைகள் கேட்பார்களே எனச் சிலர் நாள்கணக்கில் வாய் திறப்பதில்லை. அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்கு மாறிவிடுகிறது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறையும் நேரத்தையே அளவுகோலாகக் கொண்டது. வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறின்றி, மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த அனுமதியற்ற பரிவர்த்தனையை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது அந்நெறிமுறை. இரகசிய எண்ணைப் பகிர்ந்த கவனக்குறைவே காரணமானாலும், வங்கிக்குத் தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்று அது வகுத்தது. மிரட்டலுக்கு அஞ்சி நாமே அனுப்பிய பணத்துக்கு இத்தகைய பாதுகாப்பு எளிதில் கிட்டாது. அங்கே விரைவு ஒன்றே துணை.

எனவே, ஓர் அழைப்பு நெஞ்சைப் படபடக்கச் செய்தால் உடனே துண்டியுங்கள். அருகில் உள்ள ஒருவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். கிளையில் உங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, 'எப்போது அனுப்பினீர்கள்?' என்பதே. 'ஏன் ஏமாந்தீர்கள்?' என்று எவரும் கேட்கமாட்டோம்.