கேமிங் பிசி வாங்கினால் பாட்டு நன்றாக ரெக்கார்ட் ஆகுமா? ஒலிப்பதிவு கம்ப்யூட்டருக்குப் பணத்தை எதில் போடுவது?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்து "பிசி அசெம்பிள் பண்ணணும்ணே" என்று சொன்னால், "என்ன கேம் ஆடுவீங்க தம்பி?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வரும். "கேம் இல்லண்ணே, பாட்டு ரெக்கார்ட் பண்ணணும்" என்றால், "அப்போ எல்லாத்தையும் டாப்பா போட்டுடலாம்" என்று கால்குலேட்டரை எடுத்துவிடுவார்கள். பட்டியலில் பாதிப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும். கண்ணாடி கேபினட், கலர் கலராக மின்னும் 6 ஃபேன், வாட்டர் கூலர். பில் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மைக்கை மாட்டிப் பாடினால், ஹெட்ஃபோனில் நடுநடுவே 'டிக், டப்' என்று வெடிக்கும். பதிவான குரலுக்குப் பின்னால் ஃபேன் இரைச்சல் கடல் அலைபோல் கேட்டுக்கொண்டே இருக்கும். இவ்வளவு விலை கொடுத்தும் ஏன் இப்படி?

பாகங்கள் மோசமாக இல்லை. வேறு வேலைக்கானவை, அவ்வளவுதான். ஆனால் நஷ்டம் நிஜமானது. வாய்ஸ் ஓவர், பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம் என்று வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டு அறையில் இன்னொரு வருமானம் பார்க்க நினைப்பவர்களுக்கு, இரைச்சலோடு போகும் ஃபைல் அப்படியே திரும்பி வந்துவிடும். ஆடிபிள் நிறுவனத்துக்கு ஆடியோ புத்தகங்கள் செல்லும் ஏசிஎக்ஸ் தளத்தின் விதிப்படி, பேசாத இடங்களில் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். மேஜை மேல் சத்தம் போடும் ஒரு கேபினட் போதும், அந்த அளவைத் தாண்ட வைக்க.

வேகம் அல்ல, நேரம்

கேமில் ஒரு ஃப்ரேம் தாமதமானால் கண் மன்னித்துவிடும். காது அப்படி இல்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை காலியாவதற்குள் அடுத்த கரண்டி சாதம் விழ வேண்டும். பரிமாறுபவர் ஒரு நொடி பிந்தினாலும் சாப்பிடுபவர் கை அந்தரத்தில் நிற்கும். கம்ப்யூட்டரும் ஒலியை இப்படித்தான், சின்னச் சின்ன வாளிகளாகப் பரிமாறுகிறது. இந்த வாளிக்குப் பெயர் பஃபர். ஒரு விநாடி ஒலி 48,000 துளிகளாகப் பதிவாகிறது என்றால், 256 துளி கொண்ட ஒரு பஃபரை நிரப்பிக் கொடுக்க ப்ராசஸருக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 5.3 மில்லி விநாடி. 64 துளி என்று வைத்தால் 1.3 மில்லி விநாடிதான். ஒருமுறை பிந்தினால் ஒரு 'டிக்'.

அப்படியானால் வாளியைப் பெரிதாக்கினால் என்ன? ஆக்கலாம். ஆனால் பாடியது ஹெட்ஃபோனுக்கு வந்துசேரத் தாமதமாகும். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது. 10 மில்லி விநாடி தாமதம் என்றால், உங்கள் குரல் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரில் இருந்து கேட்பதுபோல. 1,024 துளி வைத்தால் ஒரு பக்கத்துக்கே 21 மில்லி விநாடி. உள்ளே போய் வெளியே வருவதற்குள் அது 40ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் தாளம் பிடிக்காது.

இங்கே ஒரு விஷயம், கடைக்காரர் சொல்லமாட்டார். மைக்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் 'டைரக்ட் மானிட்டர்' வசதி உண்டு. மைக்கில் நுழைந்த குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். குரல் மட்டும் பதிவு செய்கிறவர் இதை ஆன் செய்துவிட்டு பஃபரைத் தாராளமாக 512க்கு ஏற்றிக்கொள்ளலாம். அவருக்குப் புது பிசியே தேவைப்படாமல் போகலாம்; ஆஃபீஸ் லேப்டாப்பே போதும். சாஃப்ட்வேர் வீணை, டிரம்ஸ், கிட்டார் ஆம்ப் என்று கீபோர்டிலோ கிட்டாரிலோ வாசித்த நொடியே ஒலி வர வேண்டியவர்களுக்குத்தான் சின்ன பஃபரும் வலுவான ப்ராசஸரும் கட்டாயம்.

எத்தனை கோர் வேண்டும்?

விளம்பரத்தில் 16 கோர், 24 கோர் என்பார்கள். ஒரு குரல் தடத்தில் இரைச்சல் நீக்கி, ஈக்வலைசர், கம்ப்ரஸர், ரிவெர்ப் என நான்கு ப்ளக்-இன் போட்டால், ஒன்று முடித்துக் கொடுத்த பிறகுதான் அடுத்தது தொடங்க முடியும். இந்த வரிசையைப் பொதுவாக ஒரே கோர்தான் சுமக்கிறது. தனித்தனித் தடங்களைத்தான் வேறு வேறு கோர்களுக்குப் பிரித்துத் தர முடியும். கடைசியில் எல்லாம் வந்து சேரும் மாஸ்டர் தடமோ மறுபடியும் ஒற்றை வரிசை. ஆகவே, எண்ணிக்கையைவிட ஒரு கோரின் தனி பலம் முக்கியம். புதிய தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 ரகத்தில் 6 முதல் 8 கோர் வரை இருந்தால், வீட்டு ஸ்டுடியோவுக்கு அது நிறைவான தேர்வு.

கிராஃபிக்ஸ் கார்டு? க்யூபேஸ், ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருட்களுக்கு ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். ஒரே எச்சரிக்கை: 'எஃப்' என்ற எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசஸர்களில் அது கிடையாது. கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை வாங்கினால், தனியாக கார்டு வாங்க வேண்டிவரும். வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவர்கள் அளவான ஒரு கார்டு போட்டுக்கொள்ளலாம். சுமை குறைந்த நேரத்தில் ஃபேனை முழுக்க நிறுத்திவிடும் மாடலாகப் பாருங்கள்.

கார்டால் இன்னொரு தொல்லையும் வரும். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் சில நேரம் ப்ராசஸரை ஒருசில மில்லி விநாடி பிடித்து வைத்துக்கொள்ளும். வைஃபை டிரைவரும் அப்படியே. பந்தியில் பரிமாறுபவருக்குக் குறுக்கே ஒருத்தர் வந்து நின்று நலம் விசாரிப்பதுபோல. ப்ராசஸர் மீட்டர் 20 சதவீதம்தான் காட்டும், ஆனாலும் 'டிக்' கேட்கும். "பவர்ஃபுல் பிசி, ஏன் வெடிக்குது?" என்று குழம்புகிறவர்கள் பலர் சிக்குவது இங்கேதான். ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்துவிட்டு, பவர் ப்ளானை 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்று மாற்றிப் பார்ப்பது செலவில்லாத முதல் வைத்தியம்.

ரேமும் டிஸ்க்கும்

குரலும் இரண்டு மூன்று வாத்தியமும் என்றால் 16 ஜிபி ரேம் ஓடும். நிஜ வயலின், நிஜ பியானோவை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து விற்கும் சாம்பிள் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறவர்கள் 32 ஜிபிக்குப் போகலாம். முழு ஆர்கெஸ்ட்ரா என்றால் 64. எதுவானாலும் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டாக வாங்குங்கள். இரண்டு பாதையில் தரவு போகும்.

டிஸ்க் விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. "ரெக்கார்டிங்குக்கு அதிவேக எஸ்எஸ்டி இல்லாவிட்டால் தடம் அறுந்துவிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ தடம் விநாடிக்கு 0.144 எம்பி. ஒரே நேரத்தில் 16 மைக் வைத்தாலும் 2.3 எம்பிதான். பழைய ஹார்ட் டிஸ்க்கே இதை அலட்டிக்கொள்ளாமல் எழுதும். எஸ்எஸ்டி தேவைப்படுவது வேறு காரணத்துக்கு. சாம்பிள் தொகுப்புகள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத் துண்டை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்கும்போதே டிஸ்க்கில் இருந்து இழுக்கின்றன. அங்கே எஸ்எஸ்டி கைகொடுக்கும். தவிர, அதில் சுற்றும் தட்டு இல்லை, அதனால் சத்தமும் இல்லை. சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி ஒரு டிபி போதும். ஹார்ட் டிஸ்க்கை வெளியே வைத்து, வேலை முடிந்த பிறகு பேக்கப் எடுக்கச் செருகுங்கள்.

சத்தமும் சூடும்

நம்ம ஊரில் இதுதான் பெரிய தலைவலி. ரெக்கார்டிங் தொடங்கும் முன் சீலிங் ஃபேனை நிறுத்துவோம், ஏசியை நிறுத்துவோம், தெருச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்துவோம். சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் அறை அடுப்பாகும். அறை சூடானால் கேபினட் ஃபேன் வேகமெடுக்கும். முதல் டேக்கில் அமைதியாக இருந்த பிசி, நல்லா வந்த ஐந்தாவது டேக்கில் இரைய ஆரம்பித்துவிடும்.

அதனால் குறைவாகச் சூடாகும் ப்ராசஸரை வாங்குவதே புத்திசாலித்தனம். 65 வாட் ரகங்கள் இதற்குத் தோது. முழுச் சுமையில் 200 வாட்டைத் தாண்டும் உச்ச ரகங்களை அடக்க எத்தனை ஃபேன் வைத்தாலும் சத்தம்தான். ப்ராசஸர் பெட்டியோடு இலவசமாக வரும் குட்டி கூலரை மாற்றி, உயரமான டவர் கூலர் போடுங்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் காற்று புகாது, ஃபேன் திணறும். சல்லடை முகப்பே நல்லது. வாட்டர் கூலர் சத்தமே போடாது என்பதும் முழு உண்மையல்ல. அதன் பம்ப் நிற்காமல் மெல்லிய ரீங்காரம் எழுப்பும், அதில் ஃபேனும் உண்டு.

கேபினட்டிலும் கூலரிலும் கூடுதலாகப் போடும் சில ஆயிரம் ரூபாய், கிராஃபிக்ஸ் கார்டில் போடும் பல ஆயிரத்தைவிட உங்கள் குரலுக்கு நல்லது செய்யும். ஃபேன் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் ஆப்பிளின் சொந்த சிப் கொண்ட மேக்புக் ஏர் பக்கம் போகிறார்கள். அதில் ஃபேனே கிடையாது. ஆனால் வாங்கும்போது எவ்வளவு ரேமோ, கடைசி வரை அவ்வளவுதான். பிறகு கூட்ட முடியாது.

'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்

ஃபேன் சத்தமும் இல்லை, வெடிப்பும் இல்லை, ஆனால் அடியில் 'ம்ம்ம்' என்று ஏதோ கேட்கிறதா? நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுவது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் ஒலியில் கசிகிறது என்று பொருள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு அந்தப் பக்கம்தான். வாடகை வீடுகளில் சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள். சத்தம் போகட்டும் என்று மூன்றாவது பின்னை உடைக்கும் 'ஐடியா' உயிருக்கு ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். சைன் அலை ரகத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மிச்சப் பணம் எங்கே?

இன்டர்ஃபேஸில். மதர்போர்டில் இருக்கும் மைக் ஓட்டையில் கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் கிடைக்காது. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று பார்ப்பதைவிட, விண்டோஸுக்கு அந்த நிறுவனமே எழுதிய ஆஸியோ டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆஸியோ என்பது க்யூபேஸை உருவாக்கிய ஸ்டெய்ன்பெர்க் கொண்டுவந்த முறை. விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும். அதே பஃபரில் ஒரு இன்டர்ஃபேஸ் வெடிப்பதற்கும் இன்னொன்று ஒழுங்காக ஓடுவதற்கும் டிரைவர்தான் பெரும்பாலும் காரணம். மேக்கில் இந்தக் கவலை குறைவு. அங்கே கோர் ஆடியோ இயங்குதளத்தோடே வருகிறது. இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப்பில் செருகாமல், கேபினட்டின் பின்பக்கம் மதர்போர்டில் நேரடியாகச் செருகுங்கள்.

பில் கட்டும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். விண்டோஸ் போட்டவுடன் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை 15 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். ஃபேன் சத்தத்தை மட்டும் அங்கே சோதிக்க முடியாது. ரிச்சி தெரு ஹாரன் சத்தத்துக்கு முன்னால் எந்த பிசியும் அமைதியானதுதான். வீட்டுக்கு வந்து, ஊர் அடங்கிய பிறகு, மைக்கை ஆன் செய்து எதுவும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வழக்கமாகப் பேசும்போது வைக்கும் அதே அளவில் கெயின் இருக்கட்டும். மீட்டர் மைனஸ் 60க்கு மேலே நின்றால், உடனே பாகங்களை மாற்ற ஓட வேண்டாம். முன்பக்கம் மட்டும் அதிகம் கேட்கும் கார்டியாய்ட் மைக் என்றால், அதன் முதுகு கேபினட்டைப் பார்க்கும்படி திருப்புங்கள். அதுவும் போதாவிட்டால் கேபினட்டையே பக்கத்து அறைக்குத் தள்ளிவிடலாம். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை தாங்கும். மானிட்டர், கீபோர்டு, இன்டர்ஃபேஸ் மூன்றும் மைக் பக்கம், இரையும் பெட்டி கதவுக்கு அந்தப் பக்கம்.