மேடைப் பாட்டு படமாகும்போது

"உங்கட நாடகத்த வீடியோ எடுக்கப் போறம்." பெண்கள் சங்கங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் வசனம் இது. யுத்தம், சுனாமி, இடப்பெயர்வு, காணாமல் போன பிள்ளை, திரும்பி வராத கணவன் என்று தமது வாழ்க்கையைத் தாமே பாட்டாகக் கட்டி, வீதி நாடகமாக ஆடிக்காட்டிய பெண்கள் எமது கரையோர ஊர்களில் பலர் இருக்கின்றார்கள். முன்னர் அந்த நாடகம் ஆடிய இடத்தோடு முடிந்துவிடும். பார்த்தவர் மனதில் மட்டுமே தங்கும். இன்று கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் எவரும் அதைப் படமாக்கி, ஒரு நிமிடத்தில் உலகம் முழுவதற்கும் அனுப்பிவிடலாம்.

மேடையில் பாடி ஆடியதைப் படமாக்கும்போது எது கூடுகின்றது? எது குறைகின்றது? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கதை யாருடைய கைக்குப் போகின்றது? இந்தக் கேள்விகள் எமக்கு மட்டும் உரியவை அல்ல. இசை நாடகங்கள் படமாகத் தொடங்கிய காலத்திலிருந்தே இருப்பவை. எமது நாட்டில் நடந்த ஒன்றையும் அமெரிக்காவில் நடந்த ஒன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

மினர்வா மேடையிலிருந்து மதுரைக்கு

இலங்கையின் முதலாவது சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ'. 'மீறப்பட்ட வாக்குறுதி' என்பது அதன் பொருள். 1947 ஜனவரி 21ஆம் திகதி, நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்னர், அது கொழும்பில் திரையிடப்பட்டது. அது படத்துக்கென்று எழுதப்பட்ட கதை அல்ல. பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன எழுதி, அவரது மினர்வா நாடகக் குழு ஊர் ஊராக மேடையேற்றி வந்த பாட்டு நிறைந்த நாடகம்.

அக்காலத்து மேடைப் பாட்டை இன்றைய இளைஞர்கள் கேட்டால் பழைய பாட்டு என்பார்கள். அன்றோ அதுவே புதுமை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் மெட்டுகள் இங்கு பரவின. 1911இல் கொழும்பு மருதானையில் திறக்கப்பட்ட ரவர் மண்டபம் அந்த இசை நாடகங்களின் தாய்வீடாயிற்று. பின்னர் வந்த மினர்வா குழு, ஹிந்திப் படப் பாடல்களின் மெட்டுகளையும் எடுத்துக்கொண்டது. ஊரே முணுமுணுக்கும் மெட்டில் கதை சொன்னால் சபை நிறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது இங்கு படம் எடுப்பதற்கு வசதி இருக்கவில்லை. எனவே நாடகக் குழுவினர் கடல் கடந்து, தமிழ்நாட்டின் மதுரையில் இருந்த சித்ரகலா மூவிரோன் ஸ்ரூடியோவுக்குச் சென்றார்கள். தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்னும் தமிழர். கதாநாயகியாக நடித்துத் தன் சொந்தக் குரலிலேயே பாடியவர் ருக்மணி தேவி. அவரது இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1923இல் நுவரெலியா மாவட்டத்தின் றம்பொடையில், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிங்களத் திரையின் முதற் குரல், ராசம்மா என்று பெயரிடப்பட்ட ஒரு பெண்ணின் குரல் என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அதே ஆண்டில் வந்த 'அசோகமாலா' படத்துக்கு இசையமைத்தவர் மொஹமட் கவுஸ். அதில் பாடியவர்களில் ஒருவர் மொஹிதீன் பேக். தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்த இந்த முஸ்லிம் பாடகரின் குரலை, இன்றும் சிங்கள மக்கள் தங்கள் வீட்டுக் குரலாகக் கொண்டாடுகின்றார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், இந்தியர் என்று பல கைகள் சேர்ந்து பின்னிய பாய் அது. பின்னாளில் அந்தப் பாயும் கிழிக்கப்பட்டது. 1983 யூலை வன்செயலில் தமிழ் இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது.

மேடை நாடகம் படமானபோது என்ன கிடைத்தது? ஓர் ஊரில் ஓர் இரவு மட்டும் கேட்ட குரல் பல ஊர்களுக்கும் போனது. கொழும்புக்கு வந்து நாடகம் பார்க்க முடியாத பெண்கள் ருக்மணி தேவியைக் கண்டார்கள்.

என்ன குறைந்தது? மேடையில் நின்றதை அப்படியே கமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். உரத்த பேச்சு, மேடைக்குரிய கைவீச்சு, இடையிடையே பாட்டு எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் நடிப்பவருக்கு உயிர் கொடுக்கும் சபை மட்டும் அங்கே இல்லை. எமது கிராமங்களின் வயலும் வீதியும் முற்றமும் சிங்களப் படத்தில் உண்மையாகத் தெரிவதற்கு, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ஸ்ரூடியோவை விட்டு வெளியே வந்து எடுத்த 'ரேகாவ' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ருக்மணி தேவி திரையில் புகழின் உச்சிக்குப் போனவர். ஆயினும் கடைசிவரை மேடையை விடவில்லை. 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் களியாட்ட விழா ஒன்றில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், துடல்லையில் நடந்த வீதி விபத்தில் உயிரிழந்தார்.

யுத்தம் நடக்கும்போது ஒன்று, முடிந்தபின் இன்னொன்று

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1960களில் வியட்நாம் யுத்தத்துக்கு இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்த இளைஞர்களைப் பற்றி ஜேம்ஸ் ராடோ, ஜெரோம் ராக்னி என்ற இரு நடிகர்கள் 'ஹெயார்' என்னும் நாடகத்தை எழுதினார்கள். 'தலைமுடி' என்பது அதன் பொருள். படைக்குப் போகிறவனுக்கு முடி வெட்டுவார்கள் அல்லவா? முடியை நீளமாக வளர்ப்பதே அன்று ஓர் எதிர்ப்பாக இருந்தது. கோல்ட் மக்டெர்மொட் அதற்கு ரொக் இசை அமைத்தார். மின்சாரக் கிற்றாரும் மேளமும் அதிரும், இளைஞர்களின் இசை அது. 1968இல் நியூயோர்க்கின் புகழ்பெற்ற பிரோட்வே அரங்குக்கு வந்து, 1972 வரை 1750 தடவைகள் ஆடப்பட்டது. எமது பண்பாட்டுக்கு ஒவ்வாத காட்சிகளும் அதில் உண்டு. ஆனால் அதன் நடுவிலே இருப்பது எமக்கு மிகவும் பழக்கமான துயரம். பிள்ளையைப் படைக்குக் கொடுப்பதா, மறைப்பதா என்பதே அது.

மேடையில் கதை மிகக் குறைவு. குளோட் என்ற இளைஞனுக்குப் படையில் சேரும்படி கடிதம் வருகின்றது. போவதா, மறுப்பதா என்று அவன் தவிக்கிறான். கடைசியில் போகிறான், இறக்கிறான். நாடகம் முடிந்ததும் சபையோரும் மேடையேறி நடிகர்களோடு சேர்ந்து ஆடுவார்கள். வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சபையில் இருந்த இளைஞனுக்கும் நாளை கடிதம் வரலாம். ஆகவே அந்த நாடகம் அவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி எனலாம்.

படம் வந்தது 1979இல். யுத்தம் 1975இலேயே முடிந்துவிட்டது. இயக்குநர் மிலோஸ் போர்மன் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அவரை வளர்த்த தாயும் தந்தையும் நாசிகளின் முகாம்களில் மடிந்தார்கள். யுத்தம் ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை அறிந்த மனிதர் அவர். அவர் நாடகத்தை அப்படியே படம்பிடிக்கவில்லை. நகரத்துப் பூங்காவில் ஆடவிட்டார். சில பாடல்களை நீக்கினார். கதையையே மாற்றினார். படத்தில் குளோட், படையில் சேர வந்த கிராமத்துப் பையன். பேர்கர் என்ற நண்பன், குளோட் முகாமை விட்டுச் சற்று வெளியே போய் வருவதற்காக அவனது சீருடையை அணிந்து முகாமுக்குள் நிற்கிறான். அந்த நேரத்தில் படைப்பிரிவு வியட்நாமுக்குப் புறப்பட உத்தரவு வருகின்றது. ஆள் மாறிப் போன பேர்கர் அங்கே இறக்கிறான்.

படையினர் வரிசை வரிசையாக விமானத்தின் இருண்ட வயிற்றுக்குள் நடந்து மறையும் காட்சியை எந்த மேடையிலும் காட்ட முடியாது. அது கமராவின் பலம். ஆனால் நாடகத்தை எழுதிய இருவருக்கும் படம் பிடிக்கவில்லை. தமது இளைஞர்களைச் சமாதான இயக்கத்தோடு தொடர்பில்லாத வேடிக்கை மனிதர்களாகக் காட்டிவிட்டதாக அவர்கள் வருந்தினார்கள். போர்மன் எடுத்தது நல்ல படம் என்பவர்கள் பலர். நல்ல படமாக இருந்தும் அது எழுதியவர்களின் கதையாக இருக்கவில்லை. இந்த இடத்தில்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

எமது முற்றத்துப் பாட்டு

எமது பிரதேசத்துக்கும் பாடும் மரபு உண்டு. வயலிலும் வீட்டிலும் பாடிய கவி, கல்யாண வீட்டுக் குரவை, றபான் ஒலி, ஆண்கள் ஆடும் களிகம்பு, அயல் தமிழ்க் கிராமங்களின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் எல்லாம் எமது சொத்துகள். இவற்றில் பெண்களின் கவியும் குரவையும் பெரும்பாலும் பெண்கள் கூடிய இடத்துக்கே உரியவை. யார் கேட்கின்றார்கள் என்பது பாடும் பெண்ணுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவள் மனதைத் திறக்கின்றாள்.

கமரா வந்ததும் முற்றம் சந்தையாகிவிடலாம். பெண்கள் மட்டும் கூடிய நிகழ்ச்சி ஒன்றில், கணவனை இழந்த ஒரு ராத்தா தன் கதையைப் பாடி நடித்தார். நிறுவனம் ஒன்று அதைப் படமாக்கியது. சில மாதங்களின் பின் அதன் ஒரு துண்டு தொலைபேசிகளில் சுற்றியது. அவர் என்னிடம் சொன்னார்: "நான் நின்டது எங்கட ஊருப் பொம்புளையளுக்கு முன்னாலதான் மகள். இப்ப ஆரெல்லாம் பார்க்காங்க எண்டு எனக்கே தெரியா." அவரது பாட்டின் கடைசிப் பகுதி படத்தில் இல்லை. தையல் இயந்திரம் வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்த கதை அது. அழுத பகுதி மட்டும் இருந்தது. மேடையில் அவர் எழுந்து நின்ற பெண். படத்திலோ அழுகின்ற பெண் மட்டுமே.

இதனால் படம் எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. யுத்தம் 2009இல் முடிந்தது. அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு எமது அனுபவம் போய்ச் சேர வேண்டும். மேடையில் ஆடியவர்கள் முதுமையடைகின்றார்கள். அவர்களோடு பாட்டும் போய்விடும். படம் அதைக் காப்பாற்றும். எப்படிக் காப்பாற்றுகிறது என்பதைத் தீர்மானிப்பதில் எமக்கும் பங்கு வேண்டும்.

கமரா வருமுன் கேளுங்கள்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதுபவருக்கும் பாடி நடிப்பவருக்கும் உரிமை தருகின்றது. உங்கள் சம்மதமின்றி உங்கள் மேடை நிகழ்ச்சியைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் படத்துக்கென்று ஒருமுறை சம்மதித்துவிட்டால், பின்னர் தடுப்பது கடினம். ஆகவே கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்:

1. இந்தப் படம் எங்கே காட்டப்படும்? ஊர்க் கூட்டத்திலா, தொலைக்காட்சியிலா, இணையத்திலா?

2. பாட்டையும் கதையையும் மாற்றுவீர்களா? வெட்டிச் சுருக்கிய பின், வெளியிடுமுன் எமக்குக் காட்டுவீர்களா?

3. முகம் தெரியாமல், பெயர் சொல்லாமல், அல்லது குரலை மட்டும் வைத்து எடுக்க முடியுமா?

4. கதையும் பாட்டும் யாருடையவை என்று படத்தில் போடுவீர்களா? அதனால் வருமானம் வந்தால் எமக்குரிய பங்கு என்ன?

5. எனது பிள்ளையின் பெயர், காணாமல் போனவரின் விபரம் போன்றவை வெளியே போனால் எமக்கு ஆபத்து வருமா?

6. எமக்கும் ஒரு பிரதி தருவீர்களா?

பதிலை எழுத்தில், உங்களுக்கு விளங்கும் தமிழில் கேளுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிப்பித்த பின்னர் கையெழுத்து வையுங்கள். தனியே பேசாமல் சங்கமாகப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். "வேண்டாம்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. உதவி பெற்றோம் என்பதற்காகக் கதையையும் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. நாமே படம் எடுப்பது. சங்கத்தில் உள்ள இளம் பெண்கள் பலருக்குத் தொலைபேசியில் படம் எடுக்கவும் தொகுக்கவும் தெரியும். உம்மா பாட, மகள் படம்பிடிக்கலாம். எதை வைப்பது, எதை நீக்குவது, யாருக்குக் காட்டுவது என்பதைச் சங்கமே கூடித் தீர்மானிக்கலாம். ஸ்ரூடியோவைத் தேடி மதுரைக்குப் போக வேண்டிய காலம் இதுவல்ல. ஒரு மாதக் கூட்டத்தை இதற்கென ஒதுக்குங்கள். மூத்த பெண்களின் பாட்டுகளில் எவற்றைப் பதிவு செய்வது, எவற்றை முற்றத்தோடு வைத்துக்கொள்வது என்று அவர்களிடமே முதலில் கேளுங்கள்.