பிணை நிற்பவர் யார்?

‘வாரண்டு’ என்னும் சொல் செவியில் விழுந்ததும் எளியோர் இல்லங்களில் அச்சம் குடிபுகுகிறது. கணவன் தலைமறைவாகிறான், மனைவி தாலிக்கொடியை அடகு வைக்க ஓடுகிறாள். அந்த அச்சத்தில் பாதி, சட்டத்தை அறியாமையால் வருவது என்பது நமது துணிபு.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பை எண்ணிப் பார்ப்போம். பளியர் குடும்பங்களும், தோப்புகளில் கூலிக்கு உழைப்போரும் வாழும் பகுதி அது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஆயினும் ஒரு வாய்தாவுக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். கூலியை எண்ணி வாய்தாவைத் தவறவிட்டாலோ, மன்றம் பிடியாணை பிறப்பிக்கக்கூடும்.

பிடியாணை எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும்; நீதிபதியின் கையொப்பமும் மன்றத்தின் முத்திரையும் அதில் வேண்டும். அதன் சாரத்தைக் காவலர் கூறவேண்டும். கேட்டால் காட்டவும் வேண்டும். நாள் கடந்தால் அது தானே காலாவதியாகும் எனச் சிலர் நம்புகின்றனர். அது தவறு. நிறைவேற்றப்படும் வரை, அல்லது மன்றம் இரத்து செய்யும் வரை, அது செல்லும். ஆதலின் ஒளிந்து வாழாமல், வழக்கறிஞருடன் மன்றத்தில் தோன்றி, வராமைக்குக் காரணம் கூறி, ஆணையைத் திரும்பப் பெறுமாறு மனுச் செய்வதே அறிவுடைமை. கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு.

பிணையில் விடத்தக்க குற்றமாயின், பிணை பெறுவது உரிமை. மற்றக் குற்றங்களில் பிணையே இல்லை என்பதன்று. அதனை முடிவு செய்வது மன்றம். ஆனால், பிணை கிடைத்த பின்னும் ஏழைக்குச் சிறைக்கதவு திறப்பதில்லை. சொத்துள்ள பிணையாளருக்கு அவன் எங்கே போவான்?

மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்சநீதிமன்றமே பிணை வழங்கியது. கீழ்மன்றமோ 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் கேட்டது; அவருடைய சகோதரர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென மறுத்தது. 1978-இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவித்தார்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் ஏழைக்கு வழி காட்டுகிறது. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்திற்குள் பிணை கொடுக்க இயலாதவரை வறியவர் எனக் கருதி, பிணையாளரின்றி விடுவிக்கவேண்டும். பெண்கள், பழங்குடியினர், பட்டியல் இனத்தார், காவலில் உள்ளோர் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெற உரியவர். 15100 என்னும் எண்ணில் கேட்கலாம்.

தெசலோனிக்காவில் புனித சின்னப்பரைத் தேடிய கும்பல், அவரைக் காணாது, அவருக்கு இடமளித்த யாசோனை இழுத்துச் சென்றது. பிணை பெற்ற பின்னரே நகர அதிகாரிகள் அவரை விடுவித்தனர். விருந்தோம்பியதற்காகப் பிணை கொடுத்தவர் அவர்! ஆராயாது பிணை நிற்றல் ஆகாது என்று நீதிமொழிகள் நூல் எச்சரிப்பதும் உண்மையே. குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமறைவானால் பிணைத்தொகை பிணையாளர் தலையில்தான் விழும்.

எனவே ஆராய்வோம், ஆனால் ஒதுங்காதிருப்போம். சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று எனச் சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் கற்றோம். வாய்தா நாளை நினைவூட்டுதல், வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுதல், நன்கறிந்த அயலாருக்குப் பிணை நிற்றல் ஆகியனவும் அச்செயலில் அடங்கும். தீர்ப்பு வரும்வரை எவரும் குற்றவாளி அல்லர். அதுவரை அவருக்காக நிற்க ஒரு கிறிஸ்தவக் குடும்பமேனும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கவேண்டாமா?