சான்றிதழின் எண்ணும் பெற்றோரின் கண்ணும்

திரைப்படம் தொடங்குமுன் அதற்கு வழங்கப்பட்ட சான்றிதழ் திரையில் சில நொடிகள் தோன்றி மறைகிறது. எந்த வயதினர் அப்படத்தைப் பார்க்கலாம் என்பதை அது அறிவிக்கிறது. அதனைக் கண்டதும் தங்கள் கடமை முடிந்துவிட்டதாகப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். இக்கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பதை ஆராய நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ‘மன்னரின் உரை’ எனப் பொருள்படும் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ என்னும் ஆங்கில வரலாற்றுப் படமே அது. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் சிறு வயது முதலே திக்குவாயால் துன்புற்றவர். 1925-இல் வெம்பிளிப் பொருட்காட்சியின் நிறைவு விழாவில், பெருங்கூட்டத்தின் முன் சொற்கள் எழாமல் தவித்தார். மறு ஆண்டு, லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பேச்சுப் பயிற்சி பெறத் தொடங்கினார். 1936 டிசம்பரில் தமையனார் எட்டாம் எட்வர்டு முடி துறக்கவே, அரியணை இவரைத் தேடி வந்தது. 1939 செப்டம்பர் 3-ஆம் நாள், போர் மூண்ட வேளையில், வானொலி வழியே தம் மக்களோடு பேச வேண்டிய பொறுப்பும் இவர்மேல் விழுந்தது. இதுவே கதை. இதனை எழுதிய டேவிட் சைட்லரும் இளமையில் திக்குவாயால் வருந்தியவரே.

இப்படத்தில் படுக்கையறைக் காட்சிகளோ, குருதி சிந்தும் காட்சிகளோ இல்லை. ஆயினும் ஓரிடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. சினமுற்றுத் திட்டும்போது மன்னருக்கு நாக்குத் தடுமாறுவதில்லை என்பதைக் கண்ட பயிற்சியாளர், அவரை வசைபாடத் தூண்டுகிறார். மன்னரும் அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் வெளிப்பட, கொச்சைச் சொற்களைத் தொடர்ந்து கொட்டுகிறார்.

பிரிட்டனின் திரைப்பட வாரியம் முதலில் இதற்கு ‘15’ என்ற சான்றிதழை வழங்கியது. அதன்படி, பதினைந்து வயது நிரம்பாத பிள்ளை தந்தையின் கையைப் பிடித்து வந்தாலும் திரையரங்கினுள் நுழைய இயலாது. படத்தை வெளியிடுவோர் முறையிடவே, வாரியம் மீண்டும் ஆராய்ந்து ‘12ஏ’ என மாற்றியது. இதன்படி, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவரும் பெரியவர் துணையுடன் பார்க்கலாம். பேச்சுப் பயிற்சியின் சூழலில் கடுஞ்சொற்கள் வருகின்றன என்னும் அறிவுரையும் உடன் சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவிலோ ‘ஆர்’ என்ற தரம் கிடைத்தது. பதினேழு வயதுக்குக் குறைந்தவர் பெற்றோரோ பொறுப்பாளரோ உடன் வந்தால்தான் பார்க்கலாம் என்பது இதன் பொருள். குறிப்பிட்ட ஒரு கொச்சைச் சொல் ஒரு முறைக்கு மேல் ஒலித்தால் பொதுவாக ‘ஆர்’ தரம் கிடைக்கும் என்பது அங்குள்ள நெறி. சித்திரவதைக் காட்சிகள் நிறைந்த படங்களுக்கு எளிய தரம் கிடைக்க, இப்படத்திற்கு மட்டும் ஏன் இத்தடை என்று இயக்குநர் டாம் ஹூப்பர் வினவினார். 2011 பிப்ரவரியில் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் உட்பட நான்கு விருதுகளை இப்படம் பெற்றது. அதன்பின் சில சொற்களின் ஒலியை நீக்கிய பிரதி ‘பிஜி-13’ என்ற தரத்துடன் ஏப்ரலில் வெளியாயிற்று.

படம் ஒன்றே, தரமோ நாட்டுக்கு நாடு வேறு. ஏன்? ஒரு நாடு சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணியது. மற்றொரு நாடு அது எதற்காக வந்தது என்றும் நோக்கியது. அரிசி புடைக்கும் தாய் மணிகளை எண்ணுவதில்லை. கல்லையும் பதரையுமே பிரித்தெடுக்கிறாள். வகுப்பில் எழுந்து பாடம் படிக்க அஞ்சி, வயிற்றுவலி என்று வீட்டிலேயே தங்கிவிடும் திக்குவாய்ச் சிறுவனை எண்ணிப் பாருங்கள். ஒரு மன்னரும் தன்னைப்போலவே தவித்தார் என்று அவன் அறிவது எத்துணைப் பெரிய ஆறுதல்! எண்ணை மட்டும் கண்டு கதவை அடைத்தால், அவ்வாறுதலையும் அடைத்தவராவோம்.

இதனால் சான்றிதழே வேண்டாம் என்பதன்று. நமக்கு முன்னரே படத்தை முழுதும் பார்த்து எச்சரிப்போரின் பணி தேவையானதே. 1936-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் திரைப்படம் பற்றி விடுத்த சுற்றுமடலும், படங்களை வகைப்படுத்தி மக்களுக்கு அறிவிக்கும் அலுவலகங்களை நாடுதோறும் நிறுவுமாறு ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் எப்பட்டியலும் உங்கள் பிள்ளையை அறியாது. அவன் எதற்கு அஞ்சுவான், எதைப் பின்பற்றுவான் என்பதை நீங்களே அறிவீர்கள்.

நம் நாட்டிலும் ‘யு/ஏ’ என்னும் பிரிவு 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இவை பெற்றோருக்கு வழங்கப்படும் அறிவுரைகள். வாயிற்காவலர் பிள்ளையைத் தடுக்கமாட்டார். முடிவு செய்யவேண்டியவர் நீங்களே.

ஆகவே பெற்றோரே, வயது எண்ணைக் கண்டபின், அதற்குரிய காரணத்தையும் கேட்டறியுங்கள். பார்த்தவரிடம் வினவுங்கள், இயன்றால் முதலில் நீங்கள் பாருங்கள். பின்னர்ப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து, இரவு உணவின்போது அதைப்பற்றி உரையாடுங்கள். “மன்னர் ஏன் அப்படித் திட்டினார்?” என்று மகன் கேட்டால் விடை கூறத் தயங்காதீர்கள். வலியால் வாய் தவறும் ஒருவனுக்கும் பிறரைப் புண்படுத்தவே திட்டுபவனுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் உங்களிடம் கற்றுக்கொள்ளட்டும்.