குண்டுமணியின் அழகும் அதன் நஞ்சும்

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கும்போது அவர் கண்ணைக் கவனித்திருப்பீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த இரண்டு குண்டுமணி. பூஜை முடிந்து பிள்ளையாரைத் தூக்கும்போது ஒரு கண் உதிர்ந்து எங்கேயோ உருண்டுவிட்டால், யார் தேடுகிறோம்? தவழும் குழந்தை உள்ள வீட்டில் கட்டாயம் தேட வேண்டும் சகோதரிகளே!

குன்றிமணி என்று புத்தகத்தில் எழுதுவதைத்தான் பேச்சில் குண்டுமணி என்கிறோம். அவரை, துவரை, உளுந்தெல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பம்தான் இதுவும். ஆனால் யாரும் விதைப்பதில்லை. வறண்ட காட்டிலும் கரட்டிலும் தானாக முளைக்கும். புதுக்கோட்டைப் பக்கம் என் பிறந்த ஊரில் முள்வேலிக்கு வேலி இது படர்ந்திருக்கும். மழை பொய்த்தாலும் சாகாது; வேர் அவ்வளவு ஆழம்.

கொடி மெல்லியது, கிடைத்த செடியைச் சுற்றிக்கொண்டு ஏறும். இலை பார்க்கப் புளிய இலை மாதிரி. ஒரு காம்பில் பத்து, பதினைந்து ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். நுனியில் ஒற்றை இலை கிடையாது. ராத்திரியானால் இலைகள் மடங்கித் தூங்கிவிடும். இதை வைத்து மழை, புயலை முன்கூட்டியே சொல்லலாம் என்று 1880-களில் ஆஸ்திரியாவில் ஒருவர் கிளம்பினார். லண்டன் கியூ தோட்டத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, அதெல்லாம் இல்லை, வெளிச்சத்துக்குத்தான் இலை அசைகிறது என்று சொல்லிவிட்டார்கள்!

பூ வெளிர் ஊதா, அவரைப் பூவின் ஜாடை. காய் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். முற்றிக் காய்ந்ததும் வெடித்து முறுக்கிக்கொள்ளும். மற்ற பயறு என்றால் விதை சிதறிவிடும். இது மட்டும் நாலைந்து விதைகளைத் தோட்டிலேயே ஒட்டவைத்துக்கொண்டு, பழம் மாதிரி பளபளவென்று காட்டிக்கொண்டு நிற்கும். பறவையை ஏமாற்றத்தான் இந்த வேஷம் என்கிறார்கள். குழந்தை ஏமாறாதா என்ன? வெளிவேஷக்காரர்களைச் சொல்ல வள்ளுவரும் இந்த விதையைத்தான் எடுத்துக்கொண்டார்.

பொற்கொல்லர் தராசில் இதுதான் எடைக்கல்லாக இருந்தது. ஒரு குண்டுமணி சுமார் 0.12 கிராம், ஒரு பவுனுக்கு அறுபத்தைந்து சொச்சம். எல்லா விதையும் ஒரே எடை என்பது நம்பிக்கைதான், கொஞ்சம் ஏறும், இறங்கும். 1956 சட்டத்துக்குப் பிறகு கிராம் வந்துவிட்டாலும், "வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை" என்கிற பேச்சு நம்மை விட்டுப் போகவில்லை.

இனி நஞ்சு. விதைக்குள் அப்ரின் என்ற புரதம் இருக்கிறது. உடம்பின் அணுக்கள் தமக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ள முடியாமல் இது தடுத்துவிடும். ஆமணக்கு விதையின் நஞ்சுக்கு இது பங்காளி, அதைவிடக் கொடியது. விதையின் தோல் கல் மாதிரி கெட்டி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே மலத்தோடு வெளியே வந்துவிடும். "நான் சின்ன வயசில் முழுங்கியிருக்கேன், என்ன ஆச்சு?" என்று பெரியவர்கள் கேட்பது இதனால்தான். ஆனால் குழந்தை கடித்து மென்றாலோ, விதையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தாலோ கதையே வேறு. மாலை, வளையல் கோக்கிற குண்டுமணியில் ஓட்டை போட்டுத்தானே கோக்கிறார்கள்! அதனால் காட்டில் கிடக்கும் விதையைவிடக் கைவேலைக் கடை மணியைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நன்றாக மென்றுவிட்டால் ஓரிரு விதையே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு தொல்லை, அறிகுறி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, சமயத்தில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆனபின்தான் வாந்தி, வயிற்றுவலி, பேதி, பேதியில் ரத்தம் என்று ஆரம்பிக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்து, டாக்டர்கள் அருகிலிருந்து காப்பாற்றியாக வேண்டும். எனவே குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மீதி விதை இருந்தால் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது வேண்டவே வேண்டாம்.

நாட்டு வைத்தியத்தில் இந்த விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து சேர்ப்பதுண்டு. அது படித்த வைத்தியர் வேலை; நம் அடுப்படியில் செய்கிற காரியமில்லை. இலை அதிமதுரம் போல இனிக்கும், இருமலுக்குச் சிலர் மெல்லுவார்கள். ஆனால் சின்னக் குழந்தைக்கு இந்தப் பழக்கம் வேண்டாம். இலை இனித்தால் விதையையும் சுவைத்துப் பார்க்கிற வயசு அது!

முழுச் சிவப்பாக, கறுப்பே இல்லாமல், இதைவிடப் பெரிதாக இருப்பது ஆனைக்குண்டுமணி, அதாவது மஞ்சாடி. அது மரத்தில் காய்ப்பது, வேறு ஜாதி. அதற்காகக் கறுப்பில்லாத விதையெல்லாம் சாது என்று எண்ணிவிடாதீர்கள். குன்றிமணியிலேயே வெள்ளையும் உண்டு, கறுப்பும் உண்டு, அவற்றிலும் நஞ்சுதான்.

எங்கள் வீட்டில் இப்போது பிள்ளையாருக்கு மிளகுதான் கண். மாமியார் முதலில் முகம் சுளித்தார். பேரன் தவழ ஆரம்பித்ததும் அவரே மிளகு டப்பாவை எடுத்து நீட்டினார். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. அதுவும் தொண்டையில் அடைக்கும் என்பதால், ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மேலே வைத்துவிடுவோம். வேலியில் கொடி இருந்தால் காய் பச்சையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். வெடித்த பிறகு என்றால் கீழே துணி விரித்துக்கொண்டு இழுங்கள். உதிர்ந்ததைப் பொறுக்கி ஆழக் குழியில் மூடுங்கள். மேலாகப் போட்டால் அடுத்த மழைக்கு அங்கேயே முளைத்து நிற்கும்.